வாடையும் எஃப்ரேனின் வலது கையும்

எஃப்ரேன் ஒன்றைப் பிடித்தால் விடமாட்டான் என்பது லா வென்த்தானா கடற்கரையில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. தூண்டில் கயிறானாலும் சரி, வீண் வாதமானாலும் சரி. அவனோடு ஒரே படகில் மீன் பிடிக்கிற கோயோ, "இவன்கிட்ட கை குலுக்கினா அப்புறம் விரலை எண்ணிப் பாத்துக்கணும்" என்பான். இருவரும் சிறுவயதுத் தோழர்கள். எஃப்ரேனின் மகளுக்குக் கோயோ ஞானத்தந்தையாக நின்ற நாள் முதல் ஒருவரையொருவர் 'கொம்பாத்ரே' என்று அழைத்துக்கொள்ளும் உறவும் ஏற்பட்டுவிட்டது. உறவு கூடியதே தவிரக் கிண்டல் குறையவில்லை.

அப்படிப்பட்டவனுக்கு வாய்த்த மனைவி நெரேய்தாவின் தொழிலோ, வருகிறவர்களுக்கெல்லாம் விடக் கற்றுக்கொடுப்பது.

குளிர்காலத்தில் அந்த வளைகுடாவில் வாடை அடிக்கத் தொடங்கினால் மீன்படகுகள் மணலில் ஏறி ஓய்வெடுக்கும். அவற்றின் இடத்தில் பட்டங்கள் வந்துவிடும். பனி கொட்டும் நாடுகளிலிருந்து வருகிறவர்கள் இடுப்புவாரில் பட்டத்தை மாட்டிக்கொண்டு, காலடியில் ஒரு பலகையோடு நாளெல்லாம் தண்ணீர் மேல் ஓடுவார்கள். ஒவ்வொரு பட்டமும் ஒரு அறையின் அகலம் இருக்கும். நல்ல வாடையில் அது ஒரு ஆளை வீட்டுக் கூரைக்கு மேலே தூக்கிக்கொண்டு போய்விடும். அதனால் நெரேய்தா தன்னிடம் வருகிறவர்களை முதல் நாள் தண்ணீரில் கால் நனைக்கவே விடுவதில்லை. மணலில் நிறுத்தி வைத்துச் சொல்லுவாள்.

"காத்து உங்களைவிடப் பெரிசு. அதோட மல்லுக்கட்டாதீங்க. பயம் வந்ததும் கையில பிடிச்சு பட்டத்தைத் திருப்புற இந்தக் கோலை விட்டுடுங்க. பட்டம் பாதி அடங்கிரும். அப்பவும் இழுத்துச்சுன்னா இந்தச் சிவப்புப் பிடியை முன்னால தள்ளுங்க. பட்டம் ஒத்தைக் கயித்துல தொங்கிக் கீழ விழுந்துரும். அதுக்கப்புறம் எதையும் தொடாதீங்க. கயித்தை மட்டும் தொடவே தொடாதீங்க."

கேட்கும்போது எல்லோரும் தலையாட்டுவார்கள். ஆனால் பயம் வந்த மனிதன் கோலை விடுவதில்லை. மார்போடு சேர்த்து இழுத்துக்கொள்கிறான். கோலை இழுக்க இழுக்கப் பட்டத்துக்கு வேகம் கூடும். வேகம் கூடக் கூட அவன் இன்னும் இறுக்குவான். மனிதர்களைப் படைத்தவன் கையை மூடுவதற்கு முதலில் கற்றுக்கொடுத்துவிட்டான், திறப்பதை நமக்கு விட்டுவைத்திருக்கிறான் என்று நெரேய்தாவுக்குத் தோன்றும்.

எஃப்ரேனுக்குக் குளிர்காலத்தில் அந்தப் பயிற்சிப் பள்ளியிலேயே வேலை. பட்டத்தோடு கடலில் மாட்டிக்கொண்டவர்களை மீட்புப் படகில் போய் அள்ளிக்கொண்டு வருவான். "இவங்களுக்கு விளையாட்டு, எனக்கு இடுப்பு வலி" என்று சலித்துக்கொள்வான். அப்படி இருந்தவன் ஒரு மத்தியானம், சாப்பாட்டு மேசையில், நெரேய்தா ரொட்டியைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருக்கையில் கேட்டான்.

"கிழவி, எனக்கும் அதைக் கத்துக்குடு."

இருவருக்கும் இன்னும் நாற்பது ஆகவில்லை. கல்யாணமான மறுநாளே கிழவன், கிழவி ஆகிவிடுவது அந்தப் பக்கத்து வழக்கம்.

"எதை?"

"பட்டத்தை."

"இத்தனை வருஷம் இல்லாம இப்ப என்ன?"

அவன் ரொட்டியைப் பிய்த்து உலர்மீன் வதக்கலை அதில் வழித்தான். உடனே சாப்பிடவில்லை.

"நீ தீவுப் பக்கமாத் திரும்பிப் போறப்ப உன் மூஞ்சியப் படகிலேர்ந்து பாத்திருக்கேன். அந்த மூஞ்சிய வீட்ல நான் பாத்ததில்ல. அங்க என்னதான் இருக்குன்னு நானும் வந்து பாக்கணும்."

நெரேய்தா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். ரொட்டி கருகியது. அதை அவள் எடுக்கவில்லை. பதினாறு வருடக் குடித்தனத்தில் தன்னிடம் யாரும் இப்படி ஒரு வார்த்தை பேசியதில்லை என்று நினைத்து, மாதாவுக்கு மனதுக்குள் நன்றி சொன்னாள்.

மெழுகுதிரித் திருநாளன்று பூசை முடிந்ததும் உள்ளூர்க்காரர்கள் எல்லோருமாக வளைகுடாவின் வடமுனையிலிருந்து தென்முனை வரை காற்றோடு ஓடி வருவார்கள். அதில் போகிறவர்களைத் திரும்ப ஏற்றி வர எஃப்ரேன் வருடாவருடம் வண்டி ஓட்டுவான். இந்த வருடம் தானும் தண்ணீரில் அவளோடு வர வேண்டும் என்பது அவன் ஆசை. அவளுக்கும்தான்.

காற்றைப் பற்றி அவனுக்கு எதுவும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. நீரின் நிறத்தைப் பார்த்தே அடுத்த வீச்சு எங்கே விழும் என்று சொல்லிவிடுவான். சின்னப் பயிற்சிப் பட்டத்தை இரண்டாம் நாளே ஒரு கையால் ஆட்டிவைத்தான். வராதது ஒன்றே ஒன்றுதான்.

"விடு" என்பாள் நெரேய்தா.

விடமாட்டான்.

"கிழவா, விடுன்னு சொன்னேன்."

"நல்லாத்தானே நிக்குது. எதுக்கு விடணும்?"

"நல்லா நிக்கிறப்ப விட்டுப் பழகினாத்தான் ஆபத்துல விட வரும்."

"ஆபத்து வரட்டும், விடுறேன்."

மணலில் கிடந்த படகின் விளிம்பில் உட்கார்ந்து கோயோ பூசணி விதை கொறித்துக்கொண்டிருப்பான். எஃப்ரேன் அவனுக்குக் கொம்பாத்ரே என்றால் நெரேய்தா கொமாத்ரே. "கொமாத்ரே, அவன்கிட்ட விடு விடுன்னு கேக்காதீங்க. வாடகைக்குக் கேட்டுப் பாருங்க. அதுக்கும் குடுக்கமாட்டான், ஆனா யோசிப்பான்."

"நீ வாய மூடு கொம்பாத்ரே. உன் வாய்க்கு ஒரு சிவப்புப் பிடி மாட்டணும்" என்பான் எஃப்ரேன்.

சிரிப்பில் ஒரு வாரம் போனது. இரண்டாவது வாரத்தில் ஒரு நாள் நெரேய்தாவுக்குப் பொறுமை போய்விட்டது. அன்று பள்ளியின் மற்ற மாணவர்களும் சுற்றி இருந்தார்கள். ஐந்தாறு தடவை சொல்லியும் அவன் கோலை விடாமல் நிற்க, "பத்து வயசுப் பிள்ளைங்க செய்யுறாங்க எஃப்ரேன். பத்து வயசுப் பிள்ளைங்க" என்று உரக்கச் சொல்லிவிட்டாள்.

அவன் முகம் சிவந்தது. பட்டத்தை ஒழுங்காக இறக்கி, அதன் குழலில் ஊதியிருந்த காற்றைப் பிடுங்கி, மடித்து, அவள் கையில் கொடுத்துவிட்டுப் போனான். மறுநாள் பாடத்துக்கு வரவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. வீட்டில் வழக்கம்போலப் பேசினான், சாப்பிட்டான், மகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வந்தான். பட்டத்தின் பேச்சை மட்டும் எடுக்கவில்லை. நெரேய்தாவுக்கு மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று இருந்தது. நாளைக்குக் கேட்கலாம் என்று தள்ளிப் போட்டாள். நல்ல வார்த்தைகளை நாம் இப்படித்தான் நாளைக்கு நாளைக்கு என்று வைத்திருந்து வீணாக்குகிறோம்.

திருநாளுக்கு முந்தைய வெள்ளிக்கிழமை வாடை காலையிலேயே வெறிபிடித்தது. கடல் முழுக்க வெள்ளை நுரை. பள்ளியில் மாணவர்களை வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள். நெரேய்தா ஓலைப்பந்தலின் கீழே உட்கார்ந்து இடுப்புவார்களிலிருந்து மணலைக் கழுவிக்கொண்டிருந்தாள். மணல் புகுந்தால் சிவப்புப் பிடி வேலை செய்யாது. அதனால் அந்த வேலையை அவள் யாரிடமும் கொடுப்பதில்லை.

அன்று எஃப்ரேன் அவளிடம் கேட்கவில்லை. அவளுடைய மஞ்சள் பட்டத்தை எடுத்துக்கொண்டு கோயோவோடு கரையின் வெறுமையான பகுதிக்குப் போனான். அவளுக்குத் தெரியாமல் ஒரே ஒரு முறை ஏற்றி, தண்ணீரில் ஒரு ஓட்டம் ஓடி, திருநாளன்று அவள் முன்னால் போய் நிற்க வேண்டும். அவ்வளவுதான் அவன் திட்டம். அதில் ஒரு துளிகூடக் கெட்ட எண்ணம் இல்லை.

ஒருவர் பட்டத்தை ஏற்ற இன்னொருவர் அதன் ஓரத்தைப் பிடித்து நிற்க வேண்டும். ஏற்றுகிறவன் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினால்தான் பிடித்திருப்பவன் விடலாம். பிடித்திருப்பவனுக்கு ஏதாவது சரியில்லை என்று பட்டால் தலையை ஆட்டி மறுக்கலாம். மறுத்தால் எந்தக் கொம்பனும் பட்டத்தை ஏற்றமாட்டான். அந்தக் கரையில் அது எழுதாத சட்டம். கோயோ காற்றைப் பார்த்தான். கைக்குள் பட்டம் திமிறுவதையும் பார்த்தான். மறுக்கத்தான் நினைத்தான். ஆனால் இத்தனை நாளாக அவனைக் கேலி செய்துகொண்டே இருந்துவிட்டோமே, இப்போது மறுத்தால் அதையும் கேலி என்றுதானே எடுத்துக்கொள்வான் என்று தயங்கினான். எஃப்ரேனின் கட்டைவிரல் உயர்ந்தது. கோயோ விட்டான்.

பட்டத்தைத் தாழ்வாகக் கடல் பக்கம் வைத்துக்கொண்டே தண்ணீருக்குள் இறங்கிவிட வேண்டும். எஃப்ரேன் அதைத் தலைக்கு நேர் மேலே கொண்டுபோய் நிறுத்தினான். உச்சியில் நின்றால் பத்திரம் என்று புதியவர்கள் எல்லோரும் நினைக்கிறார்கள். அடுத்த வீச்சு வந்தது. அவன் கோலை மார்போடு இழுத்தான். கால்கள் மணலை விட்டன.

பந்தலின் கீழிருந்த நெரேய்தா நிமிர்ந்தபோது, தன் மஞ்சள் பட்டத்தின் கீழே தன் கணவன் ஓலைக்கூரை உயரத்தில் தொங்குவதைப் பார்த்தாள். கையிலிருந்த வாரைப் போட்டுவிட்டு ஓடினாள்.

அவன் கீழே விழுந்தான். விழுந்த வேகத்தில், அவனைப் பாராட்டத்தான் வேண்டும், சிவப்புப் பிடியைத் தள்ளினான். இத்தனை நாளாக வராதது அந்த நொடியில் வந்தது. கோல் கையை விட்டு ஓட, பட்டம் மூச்சுவிட்டது போலத் தளர்ந்து, ஒற்றைக் கயிற்றில் படபடத்துக்கொண்டு மணலில் விழுந்தது. அத்தோடு அவன் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும்.

ஆனால் பட்டம் சும்மா கிடக்கவில்லை. கரைக்குப் பின்னாலிருந்த முள்கம்பி வேலியை நோக்கிப் புரண்டு புரண்டு போனது. அது நெரேய்தாவின் பட்டம். இரண்டு குளிர்காலம் உழைத்து அவள் வாங்கியது. சொல்லாமல் எடுத்து வந்தது. எஃப்ரேன் கயிற்றை எட்டிப் பிடித்தான். இருபத்தைந்து வருடம் கடலில் செய்ததையே கை செய்தது. இழுத்தான், இழுத்த கயிறு வழுக்காமலிருக்க உள்ளங்கையைச் சுற்றி ஒரு சுற்று, இன்னொரு சுற்று. பெரிய மீன் மாட்டினால் தூண்டில்காரர்கள் எல்லோரும் அப்படித்தான் சுற்றுவார்கள்.

கையில் வந்தது ஒரு கயிறு அல்ல. பக்கத்துக் கயிறும் சேர்ந்து வந்துவிட்டது. இரண்டு கயிறும் இழுபட்டதும் பட்டத்துக்கு மறுபடி உயிர் வந்தது. எழுந்து நின்றது. சுழலத் தொடங்கியது. ஒவ்வொரு சுழற்சிக்கும் எஃப்ரேனை மணலில் ஒரு இழுப்பு இழுத்தது.

கோயோ பாய்ந்து போய்ப் பின்னாலிருந்து அவன் இடுப்புவாரைப் பிடித்துக்கொண்டு, குதிகாலை மணலில் ஊன்றி, தன் முழுப் பாரத்தையும் போட்டான். அன்புள்ளவர்கள் செய்வதைத்தான் அவனும் செய்தான். ஆனால் ஒரு பக்கம் கோயோ, மறுபக்கம் வாடை. நடுவில் எஃப்ரேனின் உள்ளங்கை. கோயோ பலமாகப் பிடிக்கப் பிடிக்கக் கயிறு ஆழமாக அறுத்தது.

ஓடிவந்த நெரேய்தாவுக்கு முன்னால் இரண்டு வழி இருந்தது. ஆளிடம் ஓடாதே, பட்டத்திடம் ஓடு என்று எத்தனையோ பேருக்குச் சொல்லிக்கொடுத்தவள் அவள். ஆளைப் பிடித்தால் இரண்டு ஆளாக இழுபடுவீர்கள். பட்டத்தை அமுக்கினால்தான் ஆள் பிழைப்பான். இப்போது ஆள் என்பது அவள் கணவன். மணலில் இரத்தம் தெரிந்தது. கால்கள் அவன் பக்கமே திரும்பின. "தாயே" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு அவனைத் தாண்டி ஓடினாள். தாண்டும்போது அவன் அவளைப் பார்த்தான். தன்னை விட்டுவிட்டு எங்கே போகிறாள் என்று கேட்கிற பார்வை.

சுழல்கிற பட்டத்தின் அருகே போக முடியவில்லை. விறைத்த கயிறுகள் காற்றில் கத்திபோல வீசிக்கொண்டிருந்தன.

"விடு" என்று கத்தினாள். "எஃப்ரேன், கைய விடு."

அவன் விரல்கள் இன்னும் இறுகின. அதே சொல். பத்து வயசுப் பிள்ளைகளோடு சேர்ந்து அவன் காதில் விழுந்த சொல்.

வேலி நெருங்கிவிட்டது. அப்போது நெரேய்தாவுக்குப் படகு ஞாபகம் வந்தது. கல்யாணமான புதிதில் அவளும் அவனோடு மீனுக்குப் போயிருக்கிறாள். பெரிய மீனோடு போராடி ஒருவன் களைத்துப் போனால், இன்னொருவன் அவன் கைக்கு முன்னால் கயிற்றைப் பற்றிக்கொண்டு "என்னுது" என்பான். அதைக் கேட்ட பிறகுதான் முதல் ஆள் விரலை நீட்டுவான். நீட்டியதும் சுற்றுகள் தாமாக உருவிக்கொள்ளும். அதைக் கத்திச் சொல்வதில்லை. பக்கத்தில் நிற்பவனிடம் பேசுகிற குரலில்தான் சொல்வார்கள். பற்றாமல் அந்தச் சொல்லைச் சொல்லக் கூடாது. சொன்னவனை அந்த ஊரில் எந்தப் படகிலும் ஏற்றமாட்டார்கள்.

நெரேய்தாவின் இரண்டு கையும் வெறுமையாக இருந்தன.

"என்னுது" என்றாள். "எஃப்ரேன், என்னுது."

விரல்கள் நீண்டன.

கயிறு அவன் கையிலிருந்து உருவியது. பட்டம் ஒரு தடவை உதறிக்கொண்டு விழுந்தது. நெரேய்தா அதன் மேல் குப்புற விழுந்து, மார்பாலும் முழங்காலாலும் அமுக்கிக்கொண்டாள். அதன் ஒரு முனை வேலியில் கிழிபட்டிருந்தது. அவள் அப்படியே கிடந்தாள்.

கரையில் நடந்துகொண்டிருந்த ஒரு வயதான கனடாக்காரி, பேர்கூடத் தெரியாதவள், தன் தோளிலிருந்த வெள்ளைத் துண்டை எடுத்து எஃப்ரேனின் கையைச் சுற்றி இறுக்கி, மருத்துவ நிலையம் வரும்வரை வண்டியில் அந்தக் கையைத் தன் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாள். அவள் பேசியது எஃப்ரேனுக்குப் புரியவில்லை. ஆனால் ஏதோ ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டே வந்தாள் என்று பிறகு சொன்னான்.

செவிலி சாயோ தைத்துவிட்டுச் சொன்னாள்: "சுண்டுவிரல் தப்பிச்சிருச்சு. இன்னும் கொஞ்சம் இழுத்திருந்தா அதை மணல்லதான் தேடியிருக்கணும். கோடை வரைக்கும் தூண்டில் வேண்டாம்."

ஊர் வந்து பார்த்தது. ஒருத்தி பீன்ஸ் குழம்பு கொண்டுவந்தாள், ஒருவர் ஒரு கூடை ஆரஞ்சு. கோயோ காலையில் மீட்புப் படகில் எஃப்ரேனின் முறையையும் சேர்த்து ஓட்டிவிட்டு, மாலையில் முற்றத்தில் வந்து உட்கார்ந்து, பட்டத்தின் காற்றுக்குழலைத் தொட்டித் தண்ணீரில் முக்கி முக்கிக் குமிழி வரும் இடங்களைக் கண்டுபிடித்து ஒட்டினான். அவன் ஒரு கிண்டலும் செய்யாதது எல்லோருக்கும் சங்கடமாக இருந்தது.

வருகிறவர்களிடமெல்லாம் எஃப்ரேன் ஒன்றையே சொன்னான். "என் கிழவி கயித்தைப் பிடிச்சுட்டா. என்னுதுன்னு சொன்னா. அப்புறம் எனக்கென்ன? விட்டுட்டேன்." சொல்லும்போது அவன் முகத்தில் ஒரு பெருமை. நெரேய்தா ஒவ்வொரு முறையும் எழுந்து சமையலறைக்குள் போய்விடுவாள்.

கோயோ அதைக் கவனித்தான். தொட்டியைக் கொட்ட வந்தபோது அவளிடம் தாழ்ந்த குரலில் சொன்னான்.

"கொமாத்ரே, நான் பாத்தேன். உங்க கையில ஒண்ணும் இல்ல."

"தெரியும்."

"அவன்கிட்டச் சொல்லிராதீங்க. அது ஒண்ணுதான் அவனுக்கு இப்ப ஆறுதல்."

"பொய்யில ஆறுதல் எத்தனை நாள் நிக்கும் கொம்பாத்ரே?"

"கை ஆறுற வரைக்குமாவது நிக்கட்டுமே." அவன் தண்ணீரைச் செடிக்கு ஊற்றினான். "அன்னிக்கு நான் வேண்டாம்னு தலையாட்டியிருக்கணும். ஆட்டல. அவன் சங்கடப்படுவான்னு பாத்தேன். இப்பப் பாருங்க."

மெழுகுதிரித் திருநாள் வந்தது. பூசையில் எஃப்ரேன் இடது கையால் மெழுகுதிரி பிடித்தான். பிறகு வழக்கம்போல வண்டியை எடுத்தான். ஒற்றைக் கையால் ஓட்டினான். நெரேய்தா பட்டத்தை எடுக்காமல் அவன் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள். தென்முனையில், மேட்டில் வண்டியை நிறுத்தினார்கள். தூரத்தில் முதல் பட்டங்கள் புள்ளிகளாகத் தெரிந்தன.

"நீ ஏன் போகல?"

"ஒட்டுப் போட்டது இன்னும் காயல."

"கோயோ நேத்தே முடிச்சுட்டான்."

"ஆமா" என்றாள். பிறகு, "உன்கிட்ட ரெண்டு விஷயம் சொல்லணும்" என்றாள்.

அவன் இயந்திரத்தை அணைத்தான்.

"அன்னிக்கு எல்லார் முன்னாலயும் உன்னைச் சின்னப் பிள்ளைங்களோட சேத்துப் பேசினேன். அது தப்பு. அன்னிக்கே சொல்லியிருக்கணும்."

"அதை நான் மறந்துட்டேன்."

"மறக்கல."

"சரி, மறக்கல. ரெண்டாவது என்ன?"

நெரேய்தா தன் கைகளைப் பார்த்தாள்.

"என்னுதுன்னு சொன்னப்ப என் கையில எதுவும் இல்ல. பட்டம் சுத்திக்கிட்டு இருந்துச்சு, கிட்டவே போக முடியல. நான் சொன்னது பொய்."

அவன் கண்ணாடி வழியாகக் கடலையே பார்த்துக்கொண்டிருந்தான். முதல் பட்டங்கள் பெரிதாகி, நிறம் தெரிய ஆரம்பித்தது. யாரோ அவர்களைப் பார்த்துக் கையசைத்தார்கள். அவன் திருப்பி அசைக்கவில்லை.

"கோயோவுக்குத் தெரியுமா?"

"பாத்திருக்கார்."

"படகுல யாராவது இதைச் செஞ்சிருந்தா..."

"தெரியும். ஏத்தமாட்டே."

"இருபத்தஞ்சு வருஷத்துல ஒருத்தன் செஞ்சதில்ல நெரேய்தா. எங்கப்பன் குடிகாரன். அவன்கூடச் செஞ்சதில்ல."

அவள் தலைகுனிந்தாள். நியாயம் பேச அவளுக்கு வார்த்தை இருந்தது. உன் விரல் போயிருக்கும், வேலியில் மாட்டியிருப்பாய் என்று சொல்லலாம். சொல்லவில்லை. உண்மையைக் கொடுத்துவிட்டு அதற்குக் கூலியாக மன்னிப்பை உடனே வாங்கிக்கொள்வது அவளுக்குச் சரியாகப் படவில்லை. அவன் வேண்டிய நேரம் எடுத்துக்கொள்ளட்டும் என்று உட்கார்ந்திருந்தாள்.

அவன் கட்டுப்போட்ட கையைத் தூக்கி, திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"அப்ப நான் விட்டப்பக் கயிறு யார் கையிலயும் இல்ல."

"இல்ல."

"யார் கையிலயும் இல்லாம விட்டிருக்கேன்."

"ஆமா."

"விட்டு, பட்டம் விழுந்துச்சு. ஓடிப்போகல."

"ஒத்தைக் கயித்துல உன் இடுப்புலதானே மாட்டியிருந்துச்சு. அது எங்க போகும்?"

அதை அவன் மெல்ல அசைபோட்டான். கண்ணாடியில் தொங்கிய கார்மேல் மாதா பதக்கம் காற்றில் ஆடியது. "யார் கையிலயும் இல்லன்னு சட்டுன்னு சொல்லிரவும் முடியாது" என்று முணுமுணுத்து, இடது கையால் கோணலாக ஒரு சிலுவை போட்டுக்கொண்டான். பிறகு அவள் பக்கம் திரும்பினான். "ஆனா இனிமே என்கிட்ட அந்த வார்த்தையைப் பொய்யாச் சொல்லாதே, கிழவி. உயிரே போனாலும்."

"சொல்லமாட்டேன்."

"அப்ப நான் தானாத்தான் விடக் கத்துக்கணும்."

"ஆமா."

"அதான் கஷ்டம்" என்றான். சிரிக்கவில்லை, ஆனால் கிழவி என்று கூப்பிட்டுவிட்டான். அதுவே அன்றைக்குப் போதுமாக இருந்தது. முதல் ஆட்கள் கரையேறி, நனைந்த உடம்போடு வண்டியை நோக்கி ஓடிவந்தார்கள். அவன் இறங்கிப் போய் இடது கையால் பலகைகளை வாங்கி வைத்தான்.

பங்குனி வெயில் ஏறத் தொடங்கி, வாடை ஓயப்போகிற நாட்களில் அவன் கை தேறியது. உள்ளங்கைக்குக் குறுக்கே ஒரு தடித்த தழும்பு. ஒரு இதமான காலையில் தானாக வந்து, "பாடம் எங்க விட்டோம்?" என்றான். நெரேய்தா அவனுக்கு இடுப்புவாரைக் கட்டிவிட்டாள். கோயோ பட்டத்தைப் பிடித்து நின்றான். கட்டைவிரல் உயர்ந்ததும் அவன் உடனே விடவில்லை. காற்றைப் பார்த்தான், நான்கு கயிறுகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தான், கடலைப் பார்த்தான்.

"என்ன கொம்பாத்ரே, கல்யாணத்துக்குப் பொண்ணு பாக்குறியா?" என்றான் எஃப்ரேன்.

"பொண்ணா இருந்தா இவ்வளவு யோசிக்கமாட்டேன்" என்று சொல்லிவிட்டுக் கோயோ விட்டான். கிண்டல் திரும்பி வந்துவிட்டதில் நெரேய்தாவுக்கு நிம்மதி.

பட்டம் தாழ்வாகக் கடல் பக்கம் போனது. எஃப்ரேன் தண்ணீரில் இறங்கினான். பலகையில் எழுந்து நின்றான். விழுந்தான். மறுபடி எழுந்தான். இம்முறை ஓடினான், பத்துப் பனை தூரம் இருக்கும். இடுப்பளவுத் தண்ணீரில் நின்ற நெரேய்தா அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் என்ன தேடி வந்தானோ அது அந்த முகத்தில் தெரிந்தது.

அப்போது ஒரு வீச்சு வந்தது. பெரியதல்ல. நீர்ப்பரப்பைக் கொஞ்சம் கருக்கிவிட்டுப் போகிற சின்ன வீச்சு. கோலைச் சற்றுத் தளர்த்தினாலே போதும், பலகை நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கும். எஃப்ரேன் இரண்டு கையையும் விரித்தான். சிவப்புப் பிடியையும் தள்ளினான். மஞ்சள் பட்டம் தண்ணீரில் மெத்தென்று விழுந்தது. அவன் மூழ்கி எழுந்து, தும்மி, தலைமுடியை ஒதுக்கிக்கொண்டு, கயிற்றை ஒரு விரலாலும் தொடாமல், கைகளை நீருக்கு மேலே அகல விரித்துப் பிடித்தபடி நின்றான். கரையில் யாரோ இரண்டு பேர் சிரித்தார்கள்.

"பாத்தியா கிழவி?" என்று அங்கிருந்தே கூப்பிட்டான். "விட்டேனா?"

அந்தக் காற்றுக்கு விட வேண்டிய தேவையே இல்லை. நல்ல ஓட்டம் ஒன்று வீணாகிவிட்டது. கயிறுகளைச் சிக்கெடுத்து, மறுபடி மாட்டி, மறுபடி ஏற்றுவதற்குள் வெயில் உச்சிக்கு வந்துவிடும். நெரேய்தாவுக்கு அது தெரியும்.

"பாத்தேன்" என்றாள். "நல்லா விட்டே."

சொல்லிவிட்டு, பட்டத்தை எடுத்துவரத் தண்ணீருக்குள் நடந்தாள்.